உள்ளே மட்டும் தெரியாத பக்கம்

கண் ஆஸ்பத்திரியின் முன்கூடத்தில் காலை வெயில் கண்ணாடிக் கதவைத் தாண்டி நாற்காலிக் கால்கள் வரை வந்து கிடக்கிறது. வரவேற்பு மேசைக்காரியின் திரையில் முன்பதிவுப் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது. வரிசையில் முதலில் நிற்கும் பெரியவர் தன் செல்போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். “என் போன்ல பளிச்சுனு தெரியுதேம்மா. இதைப் பார்த்தே கூப்பிடேன்.” “ஊருக்கெல்லாம் தெரியுது, எனக்கு மட்டும் தெரியல. எங்க வீட்டுக்காரர் சமாச்சாரம் மாதிரியே இருக்கு” என்கிறாள் மேசைக்காரி. வரிசையே சிரிக்கிறது. மேசையடியில் மடிக்கணினியோடு சம்மணமிட்டிருக்கும் நெட்வொர்க் பெண்ணுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரி இணையதளத்தின் பெயரை உள்ளேயிருந்து கேட்டால் ஒரு முகவரி, வெளியிலிருந்து கேட்டால் வேறு முகவரி என்று, பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் பட்டியலை நேற்றுத்தான் இரண்டாகப் பிரித்தாள். டாக்டர் வருவதற்குள் சரியாகாவிட்டால் அத்தனையையும் பழையபடி மாற்ற வேண்டியதுதான். உள்பக்கத்துப் பட்டியலில் அவள் விரல் வரிவரியாக இறங்குகிறது. மருந்துக் கிடங்கு இருக்கிறது, ஸ்கேன் அறை இருக்கிறது. விரல் நிற்கிறது. “அக்கா, முன்பதிவை வெளி ஆளுங்களுக்கு மட்டும் எழுதிட்டு, உள்ள எழுத விட்டுட்டேன்.” “அதானே, வீட்டு ஆளுக்குச் சொல்லணும்னு யாருக்குத் தோணுது!” ஒரு வரி சேர்கிறது. திரை ஒருமுறை வெளுத்து, பெயர்களும் நேரங்களுமாக நிறைகிறது; அதன் நீல வெளிச்சம் மேசைக்காரியின் கண்ணாடியில் நிற்கிறது. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பெரியவரின் கையை மெல்ல ஒதுக்குகிறாள். “போனைப் பையில வைங்கய்யா. இனிமே நான் சொல்றேன், நீங்க கேளுங்க.”