கடிபடாத ஒட்டகச்சிவிங்கி

நாகரத்தினம் பழைய பிளாஸ்டிக் மிருகங்களைச் சேர்ப்பவர். அவருடைய கண்ணாடி அலமாரிக்குப் புதிதாக ஓர் ஒட்டகச்சிவிங்கி வந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

அங்கே முன்பே இருந்த யானைக்குச் சந்தேகம். "நாற்பது வருஷப் பழசுங்கறே. எந்தக் குழந்தை உன்னைக் கடிச்சுது?"

"யாரும் கடிக்கலை. பெட்டியிலேயே இருந்தேன்."

"பொய்! என் காதைப் பாரு, நாலு பல் பதிஞ்சிருக்கு. அதுதான் அத்தாட்சி."

"இது போலிதான். கிட்ட சேர்க்காதே," என்றது வால் போன குதிரை.

சாயங்காலம் நாகரத்தினம் ஒட்டகச்சிவிங்கியை நடுவில் வைத்து நண்பரிடம் காட்டினார். "குழந்தை கைபடாத சரக்கு. இனிமே கடிபட்டதையெல்லாம் கழிச்சிடப் போறேன்."

அவர்கள் போனதும், யானை மெல்லத் திரும்பிக் கடிபட்ட காதைச் சுவர்ப்பக்கம் மறைத்துக்கொண்டது. பிறகு ஒட்டகச்சிவிங்கியிடம் கிசுகிசுத்தது:

"தம்பி, அந்தக் குதிரைக்கு வால் இல்லை, கவனிச்சியா?"