ஜன்னலில் வைத்த ரவுட்டர்

வீட்டில் இருப்பது இரண்டே பேர். வீட்டு நெட்டில் எது எது சேர்கிறது என்று முனிராஜின் போனில் தெரிந்த பட்டியலிலோ நான்கு வரிகள்.

கிருஷ்ணப்பன் மறுபடியும் விரல்விட்டு எண்ணினார். அவருடைய போன், மனைவி அன்பரசியின் போன், டிவி. நான்காவது யாருடையது?

"நான் அப்பவே சொன்னேன்ல, எவனோ நெட்டைத் திருடுறான்னு!"

பத்து நாளாக இதே புலம்பல்தான். சாயங்காலம் ஐந்தரை ஆனால் பின்னறைக்குப் போய் உட்கார்ந்து, மாரண்டஹள்ளி மண்டிக்குத் தக்காளிப் படம் அனுப்புவார். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். படம் போய்ச் சேர்வதற்குள் தக்காளி அழுகிவிடும் போலிருந்தது. அதனால்தான் இந்த இணைப்பைக் கொடுத்த முனிராஜையே வரவழைத்திருந்தார். திருடனைப் பிடித்து அவன் இணைப்பை அறுத்துவிட்டுத்தான் மறுவேலை.

முனிராஜ் பொறுமைசாலி. முதலிலிருந்து ஆரம்பித்தான். ரவுட்டர் என்பது கேட்வால்வு மாதிரி. போர் தண்ணீர் ஒரே குழாயில் வந்து நாலு வயலுக்குப் பிரிகிறதல்லவா, அப்படி வெளியிலிருந்து வரும் நெட்டை இந்தப் பெட்டி ஒவ்வொரு போனுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. யாருக்குக் கொடுத்தோம் என்று தெரிய ஆளுக்கொரு நம்பர் போடுகிறது. அதுதான் ஐபி.

கிருஷ்ணப்பனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. தண்ணீர் சரி, வயலுக்கு எதற்கு நம்பர்? எல்லாவற்றுக்கும் மேலே, பூட்டிய வீட்டுக்குள் அந்தத் திருடன் எப்படி நுழைந்தான்?

நுழையவே வேண்டாம் என்றான் முனிராஜ். பாஸ்வேர்டை ஒரு தரம் போட்டால் போதும், போன் அதை மறக்காது. மாற்றும் வரைக்கும், பக்கத்தில் வந்தாலே தானாகச் சேர்ந்துகொள்ளும்.

பாஸ்வேர்டு என்னவென்று கிருஷ்ணப்பனுக்கே தெரியாது. பிறகு எவனுக்குத் தெரியும்?

முனிராஜ் சுற்றுமுற்றும் பார்த்தான். "பெட்டிய உள்ள டிவி பக்கத்துலதானுங்களே மாட்டினேன். ஜன்னல்ல யாரு வெச்சது?"

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்த அன்பரசி முந்திக்கொண்டாள். "நாந்தான். உள்ள சூடாவுது, அதான்."

ஜன்னலில்தான் வெயில் பொசுக்கித் தள்ளுகிறது. இதுவும் அவருக்கு விளங்கவில்லை.

பின்னறைக்கு நெட் எட்டாததற்குக் காரணமே இதுதான் என்றான் முனிராஜ். பாதிக்கு மேல் ரோட்டுப் பக்கம் போய்விடுகிறது. ரோட்டில் என்ன இருக்கிறது? எதிரே ஒரு பஸ் ஸ்டாப். ஓசூரிலிருந்து வருகிறவர்கள் அங்கே இறங்கி, உள்ளூர் பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள்.

முனிராஜ் நான்காவது வரியைத் தொட்டுப் பார்த்தான். தினமும் ஐந்து நாற்பதுக்குச் சேர்கிறது. பத்து நிமிடத்தில் போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. வரிக்கு மேலே இங்கிலீஷில் ஒரு பெயரும் இருந்தது. மற்ற மூன்றையும் உரக்கப் படித்துக் காட்டியவன் இதை மட்டும் படிக்கவில்லை.

"பேரு என்னடா போட்டிருக்குது?"

முனிராஜ் அன்பரசியை ஒரு பார்வை பார்த்தான்.

"பழைய போனுங்கண்ணா. இந்தப் பெட்டிய மாட்டின அன்னிக்கே மொதல்ல சேந்தது இதுதான். பிளாக் பண்ணிடட்டுங்களா?"

மாட்டிய அன்றைக்கு முனிராஜின் பக்கத்தில் உட்கார்ந்து பாஸ்வேர்டு போட்டவள் காவியா. அவருடைய ஒரே மகள். பிளஸ் டூ முடித்ததற்கு அவரே வாங்கிக் கொடுத்த போனில்தான் போட்டாள்.

போன வருஷம் அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றைக்கே ஊர் பார்க்கக் கிணற்றடியில் தலை முழுகிவிட்டு, ஈரத்தோடு வந்து, இந்த வீட்டில் இனி இரண்டே பேர்தான் என்று சொன்னவர் கிருஷ்ணப்பன். அவள் ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள் என்பதும் அவருக்குத் தெரியும். எதிரே இருக்கும் ஸ்டாப் கண்ணில் படக் கூடாதென்று தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எழுந்து பின்னறைக்குப் போகிறவருக்கு அதுகூடவா தெரியாது?

முனிராஜின் விரல் இன்னும் அந்தப் பொத்தானுக்கு மேலேயே இருந்தது. குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தும் அன்பரசி அசையவில்லை.

"வேண்டாம். பெட்டி அங்கயே இருக்கட்டும்."

"அப்புறம் மண்டிக்குப் படம் போவாதுங்களே அண்ணா?"

கிருஷ்ணப்பன் பின்னறைக்குப் போனார். அங்கிருந்த தன் நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து ஜன்னலோரம் போட்டார்.

"இனிமே இங்க உக்காந்தே அனுப்பிக்கறேன்."

மணி ஐந்து முப்பத்தெட்டு.