மரமேறும் அலவன்ஸ்

"மரம் ஏறினாத்தான் அலவன்ஸா? அப்போ மூட்டை சுமக்கிற எனக்கு?" என்று கத்தியது கழுதை மூக்கன். காலையிலிருந்து அதன் வயிறு காலி.

காட்டு அரசாங்க ஊழியர்களுக்கு அலவன்ஸ் விதி எழுதும் அதிகாரத்தைச் சிங்கராஜா குரங்கிடம் கொடுத்திருந்தார். குரங்கும் மூன்று நாள் மண்டையைச் சொறிந்து, ஒரே ஒரு விதி எழுதியது: மரம் ஏறினால், தடவைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்.

"உனக்கும் உண்டுப்பா, யாரு வேண்டாம்னா? ஏறு!" என்றது குரங்கு, கிளையில் உட்கார்ந்துகொண்டு.

மூக்கன் ஏறிப் பார்த்தது. கால் வழுக்கி, மூஞ்சி மரத்தில் மோதியதுதான் மிச்சம்.

"சரி விடு. இந்த விதித்தாளை ராஜாகிட்ட கொண்டுபோய் முத்திரை வாங்கிட்டு வா. முத்திரை இல்லாட்டி செல்லாது. ஒரே தாள்தான், பத்திரம்!"

தாளைக் கவ்விய மூக்கன் ராஜாவின் குகைப் பக்கமே போகவில்லை. தாள் ருசியாகத்தான் இருந்தது. மை மட்டும் லேசாகக் கசந்தது.