எல்லாருக்கும் ஒரே சொல்

"எஸ்டேட் முதலாளின்னா 'காலமானார்'. ரப்பர் வெட்டுற கூலின்னா 'இறந்தார்'. இது என்ன நியாயம் சாரே?"

ஷெறின் புரூஃப் தாளை மேசையில் வீசினாள். கோட்டயத்தில் அந்தப் பத்திரிகையின் மரண அறிவிப்புப் பக்கத்துக்கு அவள் புதுசு. கல்லூரிப் பேச்சு மேடையிலிருந்து குரல் இன்னும் கீழே இறங்கவில்லை.

அந்தப் பக்கத்தைக் காலங்காலமாகப் பார்த்துவரும் வர்க்கி சார் நிதானமாகச் சொன்னார்: "ரெண்டும் ஒண்ணுதானே மோளே. 'இறந்தார்'ல என்ன குறைச்சல்?"

"குறைச்சல் இல்லேன்னா முதலாளிக்கும் அதையே போடுங்களேன்!"

பக்கத்து மேசைகளில் சிரிப்பு. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் போன் அடித்தது.

"என்ன மம்மி?... செத்துப்போச்சா? எப்போ?... ஐயோ பாவம். சரி, இங்க தலைக்கு மேல வேலை. எனக்கு மீன் குழம்பு எடுத்து வை."

"என்ன மோளே, வீட்டுல பசுவா?" என்றார் வர்க்கி சார்.

"பேச்சை மாத்தாதீங்க சாரே! 'இறந்தார்'னா வெறும் சேதி. 'காலமானார்'னா மரியாதை. அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போடறீங்க. செத்த மனுஷங்களைக்கூட மேல கீழன்னு உட்கார வைக்கிறீங்களே, வெட்கமா இல்ல?"

வர்க்கி சார் முகம் சுருங்கியது. பேனாவை எடுத்தார்.

"சரிம்மா தாயே. இனிமே எல்லாருக்கும் 'காலமானார்'தான். போதுமா?"

அவர் ஒவ்வொன்றாக அடித்துத் திருத்துவதை ஷெறின் கை கட்டி நின்று பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒருவன் தயங்கினான். சட்டையெல்லாம் ரப்பர் பால் கறை. கையில் ஒரு சின்ன போட்டோ.

"சாரே, எங்கம்மா போயிட்டாங்க. பேப்பர்ல எங்கயாவது ஒரு மூலையில..."

"மூலையில எதுக்கு? அந்த மோள்கிட்ட போய்ச் சொல்லு. இவ்வளவு நேரம் உங்களுக்காகத்தான் என்கூட மல்லுக்கட்டுனா."

திரும்பியவன் முகம் மலர்ந்தது.

"ஐயோ, ஷெறின் குஞ்ஞா! என்னைத் தெரியலையா? மணியன். உங்க வீட்டுல வேலை செஞ்ச சிருதாவோட பிள்ளை."

ஷெறின் போட்டோவை வாங்கினாள். சின்ன வயதில் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கப்பைக்கிழங்கும் மீனும் பிசைந்து ஊட்டிய அதே சிருதா.

"மொத போனே உங்க வீட்டுக்குத்தான் பண்ணேன். கடைசி வரைக்கும் உங்களையேதான் கேட்டாங்க. உங்க மம்மி கொச்சம்மா உங்ககிட்ட சொல்லலையா குஞ்ஞே?"

வர்க்கி சாரின் பேனா நின்றது. அவர் அவளைப் பார்த்தார். அவள் போட்டோவின் மேல் தலை குனிந்தாள்.

"சொன்னாங்க மணியா," என்றார் வர்க்கி சார். "அந்த போன் வந்ததுலேருந்தே பாவம், அவ மனசு சரியில்ல."

மணியன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எனக்குத் தெரியாதா சாரே? எங்கம்மான்னா குஞ்ஞுக்கு உயிராச்சே."

அவன் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தான். ஷெறின் தலை நிமிரவில்லை. வர்க்கி சார் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, மற்ற மேசைகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"தெரியாம பசுவான்னு கேட்டுட்டேன். மன்னிச்சுக்க மோளே."