நோயாளி மறுத்துவிட்டார்

வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்த வரதராசு, டிரிப்ஸ் ஏற்ற வந்த எழிலரசியின் கையைத் தட்டிவிட்டார். "காலனி அம்மாசி மவதான நீ? தொடாத. வேற நர்ஸ வரச் சொல்லு."

இருந்த இன்னொரு நர்ஸும் பிரசவ வார்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். எழிலரசி கோபப்படவில்லை. 'நோயாளி மறுத்துவிட்டார்' என்று கேஸ் ஷீட்டில் மணிமணியாக எழுதினாள். மறுப்பது அவர் உரிமையாச்சே. அரை மணியில் அவர் நாக்கு வறண்டது, நரம்புகள் ஒவ்வொன்றாக உள்ளே அமுங்கின. இன்னும் தாமதித்தால் ஊசி எதிலும் ஏறாது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"அவரு பேச்ச விடும்மா, நீ போடு தாயி," என்று மகன் கெஞ்சினான்.

"வேணாம்னது அவருங்க. அவரே கேக்கட்டும்."

வரதராசு கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார்.

"வாயால சொல்லுங்க. வார்டுக்கே கேக்கணும்."

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. எழிலரசி காத்திருந்தாள்.