ஒரு முட்டு, இரண்டு தலை

குழாய்க்குள் படுத்திருந்தவள் மூச்சைப் பிடித்தாள்.

எந்திரம் தடதடவென்று இரைந்தது. அதற்கு ஒத்தாற்போல் உதடு தானாக முணுமுணுத்தது. கபடி, கபடி, கபடி.

"வாயை அசைக்காதீங்கம்மா, படம் கலங்குது. இப்பத்தான் உங்க தம்பியும் இதே வேலையைப் பண்ணிட்டுப் போனாரு" என்றது ஒலிபெருக்கி.

வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. கோட்டைத் தாண்டினால் பாடித்தானே பழக்கம்.

தலைக்குள் இருப்பதையெல்லாம் காட்டும் எந்திரமாம். வலியும் தெரியுமா? தெரிந்தால் என்ன நிறத்தில் இருக்கும்?

போன மாதம் பயிற்சி ஆட்டத்தில் தம்பி பூவரசனைப் பிடிக்கப் பாய்ந்தாள். இருவர் தலையும் முட்டிக்கொண்டன. அவன் மறுநாளே களத்தில் இறங்கிவிட்டான். அவளுக்கோ இன்னும் குனிந்தால் தரை சுற்றுகிறது.

முதலில் எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். கபடி சொல்லித்தரும் மாஸ்டர் உச்சுக்கொட்டினார்.

"பொம்பளப் புள்ளைங்களுக்கு எல்லா வலியும் பெருசாத்தான் தெரியும்."

பூவரசனும் சேர்ந்து சிரித்தான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

இது ஆராய்ச்சிக்காக எடுக்கிற ஸ்கேன். தலையில் அடிபட்ட ஆட்டக்காரர்களில் பெண்களுக்கு மட்டும் ஏன் வலி இத்தனை நாள் நீள்கிறது என்று டாக்டர் நசீமா தேடிக்கொண்டிருந்தார். அக்கா தம்பி, ஒரே முட்டு என்று கேள்விப்பட்டதும் இருவரையும் வரச் சொல்லிவிட்டார்.

இதிலும் ஒன்றுமில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை அவள் ஆடியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் மாநில அணியில் பெயர் இருக்காது. மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இப்போதும் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஸ்கேன் முடிந்ததும் இருவரையும் தன் அறைக்கு அழைத்து, சம்மதம் கேட்டுக்கொண்டு, டாக்டர் இரண்டு படங்களையும் திரையில் போட்டார்.

"இது உங்களோடது. மூளைக்குள்ள இந்த நரம்பு இழை இருக்குல்ல, இங்க கொஞ்சம் கலைஞ்சிருக்கு. சாதாரண ஸ்கேன்ல இது தெரியாது."

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. தன் மூளை அடிபட்டதற்குச் சந்தோஷப்படுகிற பைத்தியம் ஊரிலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கிட்டப் போய்ப் பார்த்தாள். ஆரஞ்சு நிறத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு திட்டு.

இவ்வளவூண்டா? இதுவா இத்தனை நாளாகப் பாடாய்ப் படுத்தியது?

"பாத்தியாடா?"

பூவரசன் அவள் படத்தைப் பார்க்கவில்லை. மற்றதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிலும் ஆரஞ்சு இருந்தது. வேறு இடத்தில். இன்னும் அகலமாக.

"இவன் மறுநாளே ஆடினானே டாக்டர்?"

"ஆடினாரு. ஏன் வேற வேற இடத்துல இருக்குன்னு எனக்கும் இன்னும் புரியல." டாக்டர் அவன் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி. தலைவலி இருக்கா?"

அவன் வாயைத் திறந்தான். பாதி திறந்திருந்த கதவு வழியே, பெஞ்சில் இருந்த மாஸ்டரை ஒருமுறை பார்த்தான்.

"அக்கா, அந்தக் கதவைச் சாத்து."