பாதையில் இருக்க ஆள்

பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் பெண்கள் நெருக்கியடித்து இருந்தார்கள். கனகரத்தினம் படியேறி வந்தபோது ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இலங்கைத்துறைக்கு அப்பால் இருக்கும் வேடர் குடியிருப்புக்கு அவர்தான் தலைவர். தேன் எடுத்த, கிழங்கு அகழ்ந்த காட்டில் இனி அவர்கள் கால் வைக்கக்கூடாது என்று அரசாங்கம் எல்லைக்கல் நட ஆள் அனுப்பியிருந்தது.

கல் வண்டி வந்தால் பாதையில் போய் இருங்கள் என்று சொன்னவர் அவர். கையில் தடி கூடாது. வாயில் தூஷணம் கூடாது. தூக்கினால் தூக்கட்டும்.

பாதையில் இருந்த பெண்களைப் பொலிஸார் தூக்கிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். அவரோ அன்றைக்கென்று பார்த்துத் திருகோணமலைக்குக் கண் கிளினிக் போயிருந்தார். செய்தி கேட்டதும் வீட்டுக்கும் போகாமல் பஸ்ஸால் இறங்கி நேரே இங்கே வந்துவிட்டார்.

"நான்தான் தலைவர். இருக்கச் சொன்னதும் நான்தான். என்னையும் உள்ளுக்குப் போடுங்கோ."

காலையிலிருந்து தலைவர் யார் என்று கேட்டுக் கேட்டு சார்ஜன்ட் ஸுஹைர் களைத்துப்போயிருந்தார். வாங்கின் பக்கம் திரும்பி, இவர்தானா என்று கேட்டார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கனகரத்தினத்துக்கு முகம் சுட்டது. இழுபட்டபோது இல்லாதவன் இப்போது வந்து தலைவர் என்கிறான் என்று நினைக்கிறார்களோ?

வாங்கின் கரையில் இருந்த பரிமளம் எழுந்தாள். முழங்கையில் மண்ணும் இரத்தமும் காய்ந்திருந்தன.

"இவர எங்களுக்குத் தெரியாது சேர். ஆரோ பாவம், பொழுதுபட முந்தி ஊருக்கு அனுப்பிவிடுங்கோ. நாளைக்கும் கல்லோட வருவாங்களாம். பாதையில இருக்க ஆள் வேணுமாம்."

அவள் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஸுஹைர் கொஞ்சநேரம் பேனையை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கனகரத்தினத்திடம் கேட்டார்.

"அந்த மனிசி உங்களுக்கு ஆரு?"

கனகரத்தினமும் சுவரைப் பார்த்தார்.

"தெரியாது. இண்டைக்குத்தான் காணுறன்."

"அப்ப போங்க."

அவர் போனார். கடைசி பஸ் கிடைத்தது.

வீடு பூட்டாமல் கிடந்தது. கிளினிக்கால் பசியோடு வருவார் என்று பரிமளம் காலையிலேயே ஆக்கி மூடிவைத்த சோறு குசினியில் இருந்தது. மிச்சம் வைக்காமல் தின்றார்.

விடிய, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாதைக்கு நடந்தார்.